மூன்றாவது கட்டம் இல்லாத படிவம்

எங்கள் வீட்டில் படிவம் நிரப்புகிறவன் நான். பன்னிரண்டு வயதில் தொடங்கிய வேலை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார், அதையும் படம் கீறுவதுபோல நிதானமாக. கனடாவுக்கு வருவதற்கான தாள்கள், சுகாதார அட்டை, வாடகை வீட்டு ஒப்பந்தம், அப்பா இறந்தபோது ஆஸ்பத்திரியில் தந்த தாள்கள், எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என்று உறவினர்கள் சொல்லும்போது எனக்குப் பட்டமளிப்பு நாள் நினைவுக்கு வருவதில்லை. சின்னச் சின்னச் சதுரக் கட்டங்கள்தான் வரும். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதே, விட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று முதல் படிவத்தைக் காட்டித்தந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அதை நான் வேதம்போலப் பிடித்துக்கொண்டேன்.

அந்த முதல் படிவத்தில் உடன்பிறந்தவர்களுக்கு ஒரு பகுதி இருந்தது. பெயர், பிறந்த திகதி, தற்போதைய முகவரி. அண்ணாவின் முகவரிக்கு என்ன எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வருவான் எண்டு எழுது, மனே."

நான் "காணாமல் போனவர்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கட்டத்துக்குள் சரியாக அடங்கியது.

அண்ணா எனக்குப் பத்து வயது மூத்தவன். ஐந்தாம் வகுப்போடு நின்று, மேசன்மாருக்குச் சாந்து குழைத்துக் கொடுக்கப் போனவன். ஒரு காலை வழமைபோல சைக்கிளில் போனான், பின்னேரம் வரவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. அப்போது எங்கள் மட்டக்களப்புப் பக்கம் அப்படிப் போனவர்கள் பலர். யார் கொண்டுபோனார்கள் என்று கேட்கவே பயந்த காலம். எனக்கு ஏழு வயது. அவனைப் பற்றித் தெளிவாக மிஞ்சியிருக்கும் ஞாபகம் ஒன்றுதான். வாவியில் முக்குளிப்பான், நான் கரையில் நின்று எண்ணுவேன். நூற்றுக்கு மேல் எனக்குத் தெரியாது, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவேன். அம்மா வந்து கத்தத் தொடங்கிய பிறகுதான் அவன் தலை வெளியே வரும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒருபோதும் வராது. எங்கோ தள்ளி, சிரித்தபடி வரும்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா கோயிலுக்குப் போவாள். ஸ்காபரோவில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்துக்குள் இருக்கிற கோயில். ஒரு பக்கம் ரயர் கடை, மறுபக்கம் சமையலறை அலுமாரி செய்கிற இடம். அர்ச்சனைத் தட்டோடு நின்று ஐயரிடம் பெயர்களைச் சொல்வாள். முதலில் அண்ணாவின் பெயர், கும்ப ராசி, சதய நட்சத்திரம். பிறகு என்னுடையது. அப்பாவின் பெயரைச் சொல்வதில்லை, ஏனென்றால் அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது. அப்பாவுக்கு வருடம் தவறாமல் திவசம் இருக்கிறது. எள்ளும் தண்ணீரும் இறைப்பவன் நான். மூத்தவனுக்கும் சேர்த்துச் செய்தால் என்ன என்று ஒரு உறவுக்காரப் பெண் ஒருமுறை அம்மாவிடம் கேட்டாள். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, எழும்பிப் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணா அம்மாவின் கனவில் வருவான். கிழமைக்கு ஒருமுறையாவது வருவான். மோர்னிங்சைட்டில் நாங்கள் இருக்கிற தொடர்மாடிக்கே வருவான், அவன் ஒருநாளும் காணாத கட்டடத்துக்கு. தலைமயிர் நனைந்திருக்கும். சாப்பாடு இருக்கா என்று கேட்பான். காலையில் அம்மா எனக்கு அதை ஊர்ச் செய்திபோலச் சொல்வாள்.

"லிப்ற் பழுதாம் மனே. பதினொரு மாடியும் படியால ஏறி வந்தானாம். மூச்சு வாங்குது அவனுக்கு."

"கனவிலயும் லிப்ற் வேலை செய்யல்லையா?"

"இந்தக் கட்டடத்துல எங்க செய்யும்?"

நாங்கள் சிரிப்போம்.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கும்போது வெள்ளைச் சேட் போட்ட இரண்டு பையன்கள் என்னோடு கதைத்தார்கள். ஊரார் மோர்மன்கள் என்று சொல்லும் சபைகளில் மிகப் பெரியதைச் சேர்ந்தவர்கள். என்னைவிட வயது குறைவு, சொந்த ஊரை விட்டு வந்தவர்கள், வீட்டு நினைவில் வாடுபவர்கள். லிப்ற் நின்றுபோன ஒருநாள் எங்கள் சோபாவைப் படியால் தூக்கி ஏற்றித் தந்தார்கள். அம்மா இடியப்பம் கொடுத்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றதும், "பாவம், வயித்து வருத்தமோ?" என்று என்னிடம் கேட்டாள். அவர்கள் சபையில் தேத்தண்ணியும் கோப்பியும் விலக்கு. அவர்களைப் பற்றி நான் கெட்டதாக ஒன்றும் எழுத மாட்டேன்.

அவர்கள் சொன்னதில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. இறந்தவர்களும் தொலைந்துபோவதில்லை. உயிரோடு இருக்கும் ஒருவர் அவர்களின் பெயரால் தண்ணீருக்குள் இறங்கி ஞானஸ்நானம் பெறலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் விருப்பம். ஏற்றுக்கொண்டால் குடும்பம் என்றைக்கும் பிரியாது. பிரியாது என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் சேர்ந்தேன் என்று இப்போது நினைக்கிறேன். அம்மாவிடம், ஒரு சபைக்குப் போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். "நல்ல இடமெண்டா போ," என்றாள்.

குடும்ப மரத்தைக் கணினியில் ஏற்றவேண்டும். அப்பா, அப்பப்பா, பெயர் மட்டும் தெரிந்த ஒரு பூட்டன். பிறகு அண்ணா. பெயர் எழுதினேன், பிறந்த திகதி எழுதினேன். கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. உயிரோடு இருப்பவர். இறந்தவர். மூன்றாவது இல்லை. முதலாவதை அமுக்கினால் அவனுக்காக எதையும் செய்ய முடியாது.

நூலகத்தில் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நான் இரண்டாவதை அமுக்கினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அந்தப் பையன்களுக்கு அவன் காணாமல் போனவன் என்பதே தெரியாது. அண்ணா போரில் இறந்துவிட்டான் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். ஆங்கிலத்தில் அதைச் சொல்வது சுலபமாக இருந்தது. காணாமல் போனவன் என்றால் அடுத்துக் கேள்விகள் வரும்.

அவர்களின் ஆலயத்தில் ஞானஸ்நானத் தொட்டி பெரியது. பன்னிரண்டு எருதுச் சிலைகள் அதைச் சுமந்து நின்றன. நந்திகள் இத்தனை பேரா என்று ஒரு கணம் நினைத்துவிட்டு வெட்கப்பட்டேன். வெள்ளை உடுப்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர், இடுப்பளவு. என் கையைப் பிடித்திருந்தவர் அண்ணாவின் பெயரை மெதுவாக, பிழையில்லாமல் உச்சரிக்க முயன்றார். இறந்துபோன அவனுக்காக, அவன் சார்பில் என்று சொன்னார். இறந்துபோன என்ற சொல்லை எங்கள் வீட்டார் யாரும் அந்தப் பெயரோடு சேர்த்துச் சொன்னதில்லை. காதில் தண்ணீர் அடைத்தது. வெளியே வந்தபோது நான் அவரைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில், தொட்டியின் தூர விளிம்பைப் பார்த்தேன். அங்கே ஒரு தலை எழும்புமென்று.

இரண்டு கிழமைக்குப் பிறகு அம்மா சொன்னாள், "அண்ணன் வாறல்ல மனே."

"எங்க?"

"கனவுல. ரெண்டு கிழமை. இப்பிடி நிண்டதில்ல."

ஒரு மாதம் போனது. மூன்று மாதம் போனது. அம்மா நித்திரைக்கு முன் கதவுப் பூட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினாள். பாதையை மறந்துவிட்டானோ என்றாள். நான் என்ன கோபப்படுத்தினேன் அவனை என்றாள். ஒவ்வொரு காலையும் அவள் முகத்தைப் பார்க்கும்போது, எனக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியாது என்பது உறுத்தியது. நான் புள்ளிவிபரவியல் படித்தவன். கனவுக்கும் கணினிக்கும் தொடர்பில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கத்தைத் திறந்து, முதலாவது கட்டத்துக்கு மாற்றிப் பார்த்தேன். காரணம் எழுதுக என்று ஒரு வெற்றுப் பெட்டி வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெட்டியை நிரப்பாமல் மூடினேன்.

பெரிய சபைக்குப் போவதை நிறுத்தினேன். அந்த ஞானஸ்நானத்தை யாராவது எப்போதாவது இல்லையென்று ஆக்கியிருக்கிறார்களா என்று தேடியபோதுதான் மற்றச் சபையைக் கண்டேன். வேர் ஒன்றுதான், மோர்மன்களைத் தொடங்கிய அதே தீர்க்கதரிசி, பைபிளோடு சேர்த்து வாசிக்க அவர் தந்த அதே புத்தகம், ஆனால் ஆரம்பத்திலேயே பிரிந்து வேறு பாதையில் நடந்தவர்கள். ஸ்காபரோவிலேயே, வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு சின்னச் செங்கல் கட்டடம். உள்ளே இருபது பேர்கூட இல்லை. வாசலில் என்னை வரவேற்றவர் ஒரு தமிழ்ப் பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும், பாடசாலை பஸ் ஓட்டுகிறவர்.

"நீர் தமிழோ? வாரும், வாரும். கோப்பி சூடா இருக்கு."

"இஞ்ச கோப்பி குடிக்கலாமோ?"

"உதென்ன கேள்வி? நான் கோப்பி குடிக்காட்டி நாப்பது பிள்ளையள் பள்ளிக்கூடம் போகாது தம்பி."

அந்தச் சபையின் குரு அவர்தான். நான் மதகுருவைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தபோது, "ஆரைத் தேடுறீர்? ஆம்பிளையையோ?" என்று சிரித்தார். மன்னாரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தானும் பூசை வைக்கவேண்டும் என்று கேட்டு விளக்குமாற்றால் அடி வாங்கியவர். "அம்மா அடிச்ச அடியில ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல் எல்லாம் திரும்ப ஒருக்கா நடந்தது," என்பார். நான் அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன்.

அங்கே சேருவதற்கு ஒரு படிவமும் தரவில்லை. கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ள வேண்டிய விசுவாசப் பிரமாணம் எதுவும் இல்லை என்றார்கள். அது எனக்குப் பயமாக இருந்தது, எதைப் பிடித்துக்கொள்வது? அந்தப் பழைய புத்தகத்தைச் சிலர் நடந்த வரலாறாக வாசித்தார்கள், சிலர் கதையாக வாசித்தார்கள், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வேதத்தைக் கொண்டு ஒருவரையும் அடிக்கக்கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் கண்டிப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும், திராட்சையைப் பிழிந்த முந்திரிகைச் சாறும் உண்டு. அந்த மேசைக்கு யாரும் வரலாம், எந்த மதத்தவரும். தட்டைக் கொண்டுவருபவர்கள் ஒருவரையொருவர் மணம்முடித்த வயதான ஆண்கள் இருவர், அதில் ஒருவர் எப்போதும் பெரிய துண்டு என் பக்கம் வரும்படி தட்டைத் திருப்பி நீட்டுவார். எந்த மனிதனின் பெறுமதியையும் யாரும் கொடுக்கவும் எடுக்கவும் முடியாது என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்வார். சீயோன் என்ற கடவுளின் நகரம் செத்த பிறகு போகிற இடம் இல்லை, இந்தத் தெருவில் கட்டவேண்டியது என்பார். நான் கடைசி வரிசை வாங்கில் இருந்து கேட்பேன். அண்ணாவைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்டுக்காகச் சமாதான மன்றாட்டுச் செய்வார்கள். ஒரு முதல் ஞாயிறு எங்கள் நாட்டின் முறை வந்தது. ஆராதனைக்கு முன் சமையலறையில் அக்காவும் நானும் குட்டிக் கிளாஸ்களில் முந்திரிகைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

"மெழுகுதிரி நீர்தான் கொளுத்தவேணும் தம்பி. உம்மட ஆக்களின்ர பேரையும் சொல்லும்."

"ஏலாது அக்கா."

"வெக்கமோ?"

"அண்ணாவைச் செத்தவன் எண்டு எழுதிப்போட்டன்."

பிறகு நிறுத்த முடியவில்லை. கணினி, தொட்டி, அம்மாவின் கனவு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சாறுக் குவளையைக் கையிலேயே பிடித்தபடி நின்றார்.

"உங்கட சபையில இதைக் கழுவ ஏதும் வழி இருக்கோ அக்கா?"

"எங்களிட்டயும் அந்தப் பக்கங்கள் இருந்ததுதான். செத்தவைக்காகத் தண்ணியில இறங்கிறதைப் பற்றி. முதலில அதை எங்கட வெளிப்பாட்டுப் புத்தகத்தின்ர கடைசிக்குத் தள்ளிச்சினம். பிறகு எடுத்தே போட்டினம்."

"கடவுள் சொன்னதையோ?"

"கடவுள் சொன்னதெண்டு நாங்கள் சொன்னதை." குவளையை வைத்தார். "கடவுள் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை எண்டுதான் நாங்கள் நம்புறம். அப்பிடியெண்டா, நாங்கள் பிழையாக் கேட்டதையும் ஒத்துக்கொள்ளத்தானே வேணும்?"

"அப்ப அண்ணாவின்ர பேரை?"

"அது எங்கட புத்தகமில்லையே தம்பி. எங்கடயெண்டாலும், பக்கத்தைத்தான் எடுக்கலாம். நீர் தண்ணிக்குள்ள போனது போனதுதான்."

நான் ஆறுதலை எதிர்பார்த்திருந்தேன். முகம் அதைக் காட்டியிருக்க வேண்டும்.

"இஞ்ச பாரும். தண்ணி பட்டாலும் படாட்டிலும் உம்மட அண்ணா கடவுளுக்கு அதே ஆள்தான். அதில எனக்குச் சந்தேகமில்லை. ஆள் இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. இந்தச் சபைக்கும் தெரியாது. அம்மாவுக்குச் சொன்னனீரோ?"

"இல்லை."

"அப்ப நீர் பிழையான ஆளிட்ட வந்திருக்கிறீர்," என்றுவிட்டுக் கிளாஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

மெழுகுதிரியை நான் கொளுத்தினேன். மன்றாட்டை அக்கா சொன்னார். அந்த நாட்டில் இறந்தவர்களுக்காக, இருப்பவர்களுக்காக, எங்கே என்று தெரியாதவர்களுக்காக என்றார். நான் தேடிய கட்டத்தை ஒருவர் வாயால் சொல்லக் கேட்டது அன்றைக்குத்தான். ஆனால் அப்பத் தட்டு வந்தபோது நான் எடுக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. கிழவர் பெரிய துண்டை என் பக்கம் திருப்பி நீட்டியபடி சற்று நேரம் நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் பார்க்கிங்கில் காரை நிறுத்தினேன். பனி கரைந்து சேறாகக் கிடந்தது. அம்மா அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்திருந்தாள். தேங்காய் உருளாமல் ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"அம்மா, அண்ணாவைப் பத்தி ஒண்டு சொல்லணும்."

என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "எங்கயும் கண்டாங்களாமா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஆரு கேட்ட உன்னட்ட, எழுதச் சொல்லி?"

"ஒருத்தரும் கேக்கல்ல."

"செத்தானெண்டு எழுதின."

"ஓம்."

"உன்ட கையால."

"ஓம், அம்மா."

ரயர் கடையில் காற்றுத் துப்பாக்கி ஆணிகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒரு சில்லு, இன்னொரு சில்லு. நாலாவது முடிந்தபோது அம்மா தேங்காயைத் தட்டின் நடுவுக்கு நகர்த்தினாள்.

"தண்ணி ஆழமா?"

"இடுப்பளவு."

"எவ்வளவு நேரம் உள்ளுக்கு வச்சிருந்தானுகள்?"

"ஒரு செக்கன். உடனே தூக்கிட்டாங்க."

அம்மா யோசித்தாள். என்னைத் தேற்றுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு பிழையைக் கண்டவள்போலத்தான் சொன்னாள்.

"அப்ப அது அவனில்ல மனே. ஒரு செக்கன்ல எழும்புறவனா அவன்?"

பிறகு, காரின் கண்ணாடியைப் பார்த்தபடி, "இன்னும் எழும்பல்ல," என்றாள்.

அது எனக்கு ஒரு கணம்தான் ஆறுதலாக இருந்தது. அடுத்த கணம், கரையில் நின்று நூறு முடிந்து திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குகிறவனின் குளிர் என் முதுகில் ஏறியது.

கோயிலுக்குள் எங்கள் முறை வந்தபோது அம்மா தட்டை என் கைகளில் வைத்தாள்.

"இண்டைக்கு நீ சொல்லு. நீதானே எழுதின."

அண்ணாவின் பெயரைச் சொன்னேன். கும்ப ராசி என்றேன். சதய நட்சத்திரம் என்பதை இரண்டுமுறை சொல்லவேண்டியிருந்தது. ஐயர் புதியவர், இளைஞர், கலகலப்பானவர்.

"ஆர், அண்ணாவோ? கனடாவிலதானோ இருக்கிறார்?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னாள், "இல்ல ஐயா. இன்னும் வந்து சேரல்ல."

ஐயர் தலையாட்டிவிட்டு, உயிரோடிருப்பவனுக்குச் சொல்லவேண்டிய மந்திரங்களை அந்தப் பெயருக்குச் சொல்லத் தொடங்கினார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பெயர் சொல்வது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் வெக்ஸ்போர்ட்டுக்குப் போகிறேன், அப்பமும் எடுக்கிறேன். காரணம் கேட்கும் அந்தப் பெட்டியைச் சில நாட்களில் திறந்து, ஒரு வரி எழுதி, அழித்துவிட்டு மூடுகிறேன். அண்ணா கனவில் திரும்ப வரத் தொடங்கிவிட்டானா என்று அம்மா சொல்லவில்லை. காலையில் இப்போது அவள் செய்தி எதுவும் சொல்வதில்லை. கேட்கிற உரிமையை நான் இழந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் லிப்ற் இன்னும் அடிக்கடி பழுதாகிறது. அந்தப் பின்னேரங்களில் யாராவது படியில் ஏறி வரும் சத்தம் கேட்டால் அம்மா ரிவியின் சத்தத்தைக் குறைக்கிறாள். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குகிறேன். அந்தக் காலடிகள் எங்கள் மாடியைத் தாண்டி மேலே போகும்வரை இரண்டு பேரும் ஒன்றும் கதைப்பதில்லை.